டர்போ மூச்சு வாங்கட்டும்

மெக்கானிக் பூபதி காரில் டூப்ளிகேட் டர்போவை மாட்டி எங்களை ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அன்று காலையில் நான் கீரம்பூரில் பஸ் ஏறினேன். நாமக்கல்லைத் தாண்டி முதலைப்பட்டியில் இருக்கிறது அவன் பட்டறை. போய்ச் சேர்வதற்குள் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்துவிட்டேன். கீரம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வண்டு விழுந்த பருப்பை இறக்கிவிட்டு, 'அருமையான சரக்குங்க' என்று சிரித்தவர்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அமுதவல்லி டீச்சர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். டீச்சர் இல்லை, ஆனால் சத்தம் போடுவதில் டீச்சர்.

வண்டி எங்கள் வீட்டுக்காரர் காளியண்ணனுடையது. லாரி ஓட்டியே காலம் தள்ளிய மனிதர். மகன் ஈஸ்வர் படித்து முடித்து ஓசூரில் வேலைக்குச் சேர்ந்ததும், 'போதுமுங்க, எறங்குங்க' என்று நான் பிடிவாதம் பிடித்து அவரை லாரியிலிருந்து இறக்கினேன். இறங்கிய கொஞ்ச நாளிலேயே ஒரு டீசல் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கையில் ஸ்டியரிங் இல்லாமல் இந்த மனிதரால் இருக்க முடியாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

காரின் நிறத்தைப் பற்றியோ சீட்டைப் பற்றியோ அவர் ஒரு நாளும் பேசியதில்லை. பேச்செல்லாம் இஞ்சினைப் பற்றித்தான். "ஆயிரத்து எரநூத்தி நாப்பத்தெட்டு சிசி. நாலு சிலிண்டரு, பதனாறு வால்வு, காமன் ரயிலு. எழுவத்தஞ்சு குதிரை. ரெண்டாயிரம் ஆர்பிஎம்லயே நூத்தித்தொண்ணூறு டார்க்கு குடுக்கும்." டார்க்கு என்றால் இழுக்கிற சக்தியாம். சும்மா 'வண்டி எப்படீங்க' என்று கேட்டவர்கூட இதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் நகர முடியும். எதிர்வீட்டுக்காரர் புதிதாக ஒரு பெட்ரோல் கார் வாங்கிப் பூஜை போட்டபோது, "எல்லாஞ் செரிதானுங்க, இதுல டார்க்கு எங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டார். அந்த மனுஷன் பொங்கல் வரைக்கும் எங்களோடு பேசவில்லை.

எனக்கும் அவர் பாடம் எடுத்திருக்கிறார். டர்போ என்பது ஒரு சின்னக் காற்றாடி. புகை போகிற வேகத்தில் சுழன்று, இஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் தள்ளுகிறது. அதனால்தான் இத்தனை சின்ன இஞ்சின் அத்தனை இழுக்கிறது. நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் அந்த அச்சு, ஆயில் மேல் மிதந்துதான் ஓடுகிறது. இஞ்சினை நிறுத்தினால் ஆயில் அந்த நொடியே நின்றுவிடும். காற்றாடி நிற்காது. ஆயில் இல்லாமல் சூட்டோடு தனியே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் எங்கே போய்விட்டு வந்தாலும் வாசலில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் மெதுவாக ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நான் வெயிலில் நிற்பேன்.

"டீசல் என்ன கெணத்துலயா ஊறுது? ஆஃப் பண்ணுங்க!"

"இரு அமுதா. டர்போ மூச்சு வாங்கட்டும்."

இன்னொரு பழக்கமும் இருந்தது. இந்த இஞ்சினை ஊருக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தால் புகை போகிற வழியில் இருக்கிற இஜிஆர் வால்வில் கரி பிடித்து அடைத்துக்கொள்ளுமாம். வாரம் ஒரு தடவையாவது நெடுஞ்சாலையில் நன்றாக இழுத்து ஓட்டினால்தான் கரி எரியும். அந்தச் சாக்கில் வாரா வாரம் என்னை ஏற்றிக்கொண்டு பரமத்தி வேலூர் வழியாகக் கரூர் வரைக்கும் போய் வருவார். காவிரிப் பாலத்தில் மட்டும் வேகத்தைக் குறைப்பார், நான் தண்ணீர் பார்ப்பதற்காக. வேலூரில் ஒரு தார் பூவன் பழமும் ஒரு கவுளி வெற்றிலையும் வாங்குவோம். லாரி ஓட்டிய காலமெல்லாம் அவர் ஒரு ஊரிலும் நான் ஒரு ஊரிலுமாகக் கழிந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து எங்காவது போனது என்றால், கரி எரிக்கப் போனதுதான்.

போன வருஷக் கடைசியில் முதல் தடவை டர்போ போனது. வண்டி நீலப் புகை விட்டது, மேடு ஏறத் திணறியது, உள்ளேயிருந்து ஊதல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. ரொம்ப ஓடிய வண்டி, போகிற காலம்தான் என்று நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூபதி டர்போவின் உள்பாகத்தை, அதாவது கோர் என்று சொல்கிற நடுப்பகுதியை, புதிதாகப் போட்டுக் கொடுத்தான். அது அடுத்த மழைக்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அதே நீலப்புகை, அதே ஊதல். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலமே ஈஸ்வர் போன் செய்துவிட்டான்.

"அம்மா, அந்த இஞ்சினுக்கே இது வியாதிம்மா. நெட்ல எல்லாரும் எழுதியிருக்காங்க. டர்போ போகும், டைமிங் செயின் தொளதொளன்னு ஆகும், கரி அடைக்கும், கிளட்ச் போகும். அந்த மாடலையே நிறுத்திட்டாங்க. ஆடி நோம்பிக்கு வாரப்ப வித்துட்டு வேற ஏற்பாடு பண்ணிரலாம். அப்பாவுக்கும் வயசாகுதில்ல."

"அந்த இஞ்சினுக்கு ஒரு கொறையும் இல்ல. அத வெச்சிருக்கறவரு ஆருன்னு தெரியுமா உனக்கு? மாட்டுன பார்ட்டு சரியில்ல சாமி. நான் போய்க் கேட்டுட்டு வாரேன், இரு."

வண்டி போனால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். காரைக் கட்டி இழுத்துப்போன நாளிலிருந்து போர்டிகோவில் நாற்காலியைப் போட்டு, வண்டி நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடக் கொஞ்ச நேரம் ஆனது. விற்றுவிட்டால் அந்த நாற்காலியிலேயே முடிந்துபோவார். அதனால்தான் நான் பஸ் ஏறினேன். குறை வண்டியிலும் இல்லை, அவரிடமும் இல்லை, பூபதியிடம்தான் என்று நிரூபித்துவிட்டால் ஈஸ்வரின் வாய் அடைபடும்.

பட்டறையில் பூபதி ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான். என் குரலைக் கேட்டதும் நகர்ந்து வெளியே வந்தான்.

"ஏம்ப்பா பூபதி, உங்கப்பன் காலத்துலருந்து உங்ககிட்டத்தான வண்டிய உடறோம்? டூப்ளிகேட்டு கோரப் போட்டு எங்களையே ஏமாத்தலாமா?"

"வாங்கக்கா. உக்காருங்க. டீ சொல்றேன்."

"நான் டீ குடிக்க வரல."

அவன் கையைத் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்தான். "தப்பு எம்மேலதானுங்கக்கா. கோர் சரியில்லாம வந்துருச்சு. என்ற செலவுலயே வேற போட்டுக் குடுத்தர்றேன். நீங்க ஊட்டுக்குப் போங்க."

எனக்குச் சுருக்கென்றது. அடுக்கி வைத்த கேள்வியெல்லாம் அப்படியே நிற்கிறது, இவன் அதற்குள் ஒப்புக்கொண்டுவிட்டான். தப்பு செய்தவன் யாரும் இவ்வளவு லேசில் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. கம்பெனியைச் சொல்வான், கடைக்காரனைச் சொல்வான், ரோட்டைச் சொல்வான். இவன் ஏன் எதையும் சொல்லவில்லை?

"அதெல்லாம் முடியாது. எங்கண்ணு முன்னால கழட்டிக் காட்டு. எதுல கோளாறுன்னு நான் பாக்கோணும். எம்பையன்கிட்டச் சொல்லோணும்."

"வேண்டாமுங்கக்கா."

"கழட்டுப்பா."

ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டேன். நான் போகமாட்டேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏற்கனவே பாதி பிரித்து வைத்திருந்தான் போல, சீக்கிரமே டர்போ வெளியே வந்தது. மாதுளம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது, நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருந்தது. இதற்கா இவ்வளவு பாடு என்று இருந்தது எனக்கு.

கோரில் பொறித்திருந்த நம்பரையும் அது வந்த அட்டைப்பெட்டியில் இருந்த நம்பரையும் காட்டினான். ஒன்றாகத்தான் இருந்தன. "ஒரிஜினலுங்கக்கா," என்றான், என் முகத்தைப் பார்க்காமல். ஆயில் வருகிற குழாயைக் கழற்றிக் காற்று அடித்துக் காட்டினான். அடைப்பு இல்லை. ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுக் காட்டினான். புது ஆயில். ஃபில்டரையும் அறுத்துக் காட்டினான். அதிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் அந்தக் காற்றாடியின் அச்சை விரலால் ஆட்டினான். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. இழுத்து வெளியே எடுத்தான். நடுவில் நீலமும் கறுப்புமாகக் கருகிப்போயிருந்தது.

"ஆயில் இல்லாம சுத்தியிருக்குது," என்றான்.

"ஆயில்தான் நல்லாருக்குன்னியே?"

"இஞ்சின் ஓடறப்ப ஆயில் வந்துட்டுத்தானுங்க இருக்குது."

"அப்பறம்?"

அவன் எழுந்துபோய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்தான். "கோர் சரியில்லைன்னே வெச்சுக்குவமுங்கக்கா. எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

"பூபதி, நான் என்ன கொழந்தையா? சொல்லு."

"அண்ணன் இப்பெல்லாம் வண்டிய எப்படி ஆஃப் பண்றாருன்னு பாத்தீங்களா?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வண்டியை அணைப்பதில் போய் அவரைக் குறை சொல்கிறானே! டர்போ மூச்சு வாங்குகிறவரைக்கும் என்னை வெயிலில் நிறுத்திய மனிதரையா?

"போன மாசம் ஆயில் மாத்த வந்தாருங்க. நான் உள்ள வேலையா இருந்தேன். வண்டிய நிறுத்துனாரு. நிறுத்திட்டு ஆக்சிலேட்டர ஒரே மிதி. இஞ்சின் கத்துச்சு. அது கத்திட்டிருக்கறப்பவே சாவியத் திருப்பி ஆஃப் பண்ணிட்டாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சுங்க. அத்தன வேகத்துல சுத்தறப்ப ஆயில நிறுத்துனா டர்போ என்னத்துக்காகும்? 'ஏனுங்ணா, நீங்களே இப்படிப் பண்றீங்க'ன்னு கேட்டேன். 'ரேஸ் குடுத்து ஆஃப் பண்ணுனாத்தான்டா காலைல ஒரே செல்ஃப்ல புடிக்கும். இல்லீனா வண்டிய ஆரு தள்றது'ன்னாரு."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

டர்போ இல்லாத பழைய லாரிகளை அப்படித்தான் நிறுத்துவார்கள். நிறுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை ஓங்கி மிதித்து, இஞ்சின் உறுமும்போதே அணைப்பது. காலையில் சிரமம் தராமல் எழும் என்று அந்தக் காலத்து டிரைவர்கள் அத்தனை பேருக்கும் நம்பிக்கை. நிஜமோ பொய்யோ, யாரும் அதை மீறமாட்டார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில், ஊர்க்கடைசியில் அந்த உறுமல் கேட்டால் அடுப்பில் உலை வைப்பேன். அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். பிறகு டர்போ லாரிகள் வந்தன. அவர் அந்தப் பழக்கத்தை விட்டார். விட்டதோடு இல்லாமல், ரேஸ் கொடுத்து அணைக்கிற டிரைவர்களைப் பார்த்தால் இறங்கிப்போய்த் திட்டிவிட்டு வருவார்.

"அதோட உட்டுருந்தாப் பரவால்லீங்கக்கா," என்றான் பூபதி. "கெளம்பறப்ப, 'உங்கப்பன் எங்கடா, சடையன் மேஸ்திரியக் கண்ணுலயே காணோம்'னு கேட்டாரு. எங்கப்பன் எழவுல முன்ன நின்னு எல்லாக் காரியமும் பண்ணுனவரே அவருதானுங்க. நான் என்னன்னு சொல்றது? வெளியூர் போயிருக்காருங்ணான்னு சொல்லிட்டேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. நான் அவனைத் திருடன் என்று திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு, பழியையும் செலவையும் தன் தலையில் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தான், இதை என்னிடம் சொல்லாமல் இருப்பதற்காக.

டயர் மேல் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சில மாதமாக வாசலில் அவர் என்னைக் காக்க வைப்பதில்லை. கத்திக் கத்தி ஒருவழியாகத் திருத்திவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அவர் வந்து நிற்கும்போது ஒரு உறுமல் கேட்கும். கேட்டதும் காரணம் தெரியாமலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும், அடுப்பைப் பற்றவைப்பேன். சித்திரையில் ஒரு கல்யாணத்தில் யாரோ வண்டியைப் பற்றிக் கேட்டபோது, "ஆறு சிலிண்டரு" என்று பழைய லாரிக் கணக்கைச் சொன்னார். கிண்டல் செய்கிறார் என்று நான்தான் முதலில் சிரித்தேன். என் கண் முன்னாலேயே எல்லாம் நடந்திருக்கிறது. பருப்பில் வண்டைப் பொறுக்கிக் காட்டுகிற கண் இதைப் பார்க்கவில்லை.

ஈஸ்வரோடு போட்ட சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். அந்த இஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை.

"வேற கோர் போட்டுரு பூபதி. காசு நான் தாரேன். ஈஸ்வர்கிட்ட எதுவும் பேசாத."

"சேலத்துல நரம்பு டாக்டருங்க இருக்காங்கக்கா. கூட்டிட்டுப் போங்க. வண்டிய அவருகிட்டக் குடுக்கறது…"

"நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். ஒவ்வொரு தடவையும் நானே சொல்லி ஆஃப் பண்ண வெக்கறேன். நீ போட்டுக்குடு."

அவன் கருகிய அச்சைத் துணியில் சுற்றி வைத்தான். சொன்னதை நானும் நம்பினேன். ஒரு பழக்கம்தானே பிசகியிருக்கிறது, பக்கத்தில் இருந்து சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் வண்டி தயாரானது. அவரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். பட்டறையில் இஞ்சினை ஓடவிட்டு, பானெட்டுக்குள் காதைக் கொடுத்துக் கேட்டார். "தங்கமாட்டம் இருக்குது. செயின் சத்தமும் இல்ல," என்றார். பூபதி என்னைப் பார்த்தான். 'பார்த்தாயா' என்று நான் பெருமையாகத் தலையை ஆட்டினேன்.

பட்டறையை விட்டு வெளியே வந்து நாங்கள் நாமக்கல் பக்கம் திரும்ப வேண்டும். அவர் சேலம் பக்கம் திருப்பினார். வண்டி வேலை முடிந்த பிறகு கொஞ்ச தூரம் இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கம்தான். புதன்சந்தை வந்தது, போனது. ஓட்டுவதில் ஒரு பிசகும் இல்லை. கண்ணாடி பார்த்தார், வழி விட்டார், முந்தினார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. போர்டிகோ நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர் இவர்தானா என்று இருந்தது.

"எங்கீங்க போறோம்?" என்று கேட்டேன்.

"பூனாவுக்குங்க. ஜவ்வரிசி லோடு. மழ புடிக்கறதுக்குள்ள தொப்பூர்க் கணவாய ஏறிரோணும். மூட்ட நனஞ்சா அப்படியே கஞ்சியாப் போயிரும்."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "நீங்க எங்கீங்க எறங்கோணும், அம்மிணி?"

லாரியில் வழியில் நிற்கிற பெண்களைக் கேபினில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊரில் இறக்கிவிடுவது உண்டு. அவர் கண்ணுக்கு நான் அப்படி ஏறியவள். என் பெயரைச் சொல்லிக் கத்தி, அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் டேங்கர் லாரி ஒன்று உரசிக்கொண்டு போனது. கத்தினால் இவர் கை ஆடும். அந்தப் பயத்தில் குரலைக் கட்டுப்படுத்திக்கொண்டேன்.

"ஆண்டகளூர் கேட்டுல எறங்கிக்கறேனுங்க. அங்க நல்ல டீக்கடை இருக்குது. ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க."

"ஆகட்டுமுங்க."

ஆண்டகளூர் கேட்டில் இண்டிகேட்டர் போட்டு, டீக்கடையை ஒட்டி ஒழுங்காக நிறுத்தினார். ஓங்கி ஒரு மிதி மிதித்தார். இஞ்சின் உறுமும்போதே அணைத்தார். 'மூச்சு வாங்கட்டுமுங்க' என்று சொல்லத்தான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். சொல்லாமலே கதவைத் திறந்து இறங்கினேன். அவரும் இறங்கிப்போய் ஒவ்வொரு டயராகக் காலால் தட்டிப் பார்த்தார். நான் கடைக்குப் பின்னால் போய்ப் பூபதிக்குப் போன் செய்தேன். "பைக்க எடுத்துட்டு ஓடியா சாமி," என்றுதான் சொல்ல முடிந்தது.

அவன் வருகிறவரைக்கும் நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்தார். என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. "டீ சூடா இருக்குதுங்க, பாத்துக் குடிங்க," என்றார். தெரியாத பெண்களிடம் அவர் எப்படிப் பேசுவார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எவ்வளவு மரியாதை! வண்டி ஓட்டப் போன இடத்தில் யாரோடு எப்படி இருந்தாரோ என்று சின்ன வயசில் நான் எத்தனையோ ராத்திரி அழுதிருக்கிறேன். அவ்வளவு அழுகையும் வீண்.

பூபதி வந்து பைக்கை நிறுத்தினான். என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். சாவியைப் பிடுங்கினால் அவர் விடமாட்டார். அவராகக் கொடுக்க வேண்டும். எந்த டிரைவரும் ஒரே ஒரு ஆளிடம்தான் சாவியை மனமாரக் கொடுப்பான்.

"மாத்து டிரைவர் வந்துட்டாருங்க," என்றேன். "இங்கருந்து இவரு ஓட்டுவாராமா. உங்களுக்கு ஓய்வு குடுத்துட்டாங்க."

அவர் பூபதியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். உடனே நீட்டவில்லை. வண்டியின் குறையைச் சொல்லாமல் சாவியைக் கை மாற்றக்கூடாது. அடுத்தவன் உயிர் அதில் இருக்கிறது.

"ரெண்டாவது கியரு கொஞ்சம் மொரண்டு புடிக்கும். பதமாப் போடு. பிரேக்கு எடது பக்கம் இழுக்குது, திரும்பி வாரப்பத் தொப்பூர் எறக்கத்துல ஞாபகம் வெச்சுக்க. பின்னால வலது உள் டயரு பழசு, ரொம்ப சூடேத்தாத. தார்ப்பாயி முன் மூலைல கிழிஞ்சிருக்குது, மழைன்னா நின்னு இழுத்துக் கட்டிரு." கொஞ்சம் யோசித்தார். "அவ்வளவுதான். மத்தபடி நல்ல வண்டி. நம்பிப் போலாம்."

"செரிங்ணா," என்றான் பூபதி. இரண்டு கையாலும் சாவியை வாங்கிக்கொண்டான். பின் கதவைத் திறந்து பிடித்தான்.

அவர் ஏறப் போனார். ஏறாமல் திரும்பி என்னிடம் வந்தார்.

"ஒரு ஒத்தாசை பண்ணோணுமுங்க. நாமக்கல் பக்கம் போறவங்க ஆராச்சும் தெரிஞ்சா ஒரு தாக்கல் சொல்லி உடறீங்களா? கீரம்பூர்ல எங்க ஊடு. அமுதவல்லின்னு கேட்டா ஆரு வேண்ணாலும் காட்டுவாங்க. வண்டிய மாத்து டிரைவர்கிட்டக் குடுத்துட்டேன், வாரதுக்கு முன்னப்பின்ன ஆகும், என்னைய எதிர்பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டாம்னு சொல்லோணும்."

"நானே போய்ச் சொல்றேனுங்க," என்றேன்.

"பதமாச் சொல்லுங்க. அவ கோவக்காரி. கோவம் வந்துருச்சுன்னா சோறு திங்காம உக்காந்துக்குவா. நான் பக்கத்துல இருந்து ஊட்டிஉட்டாத்தான் திம்பா. நீங்கதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லி, சாப்பிட வெக்கோணும்."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினேன். அது போதவில்லை போலிருக்கிறது. பதில் வருகிறவரைக்கும் அவர் அங்கேயே நின்றார்.

"சாப்பிட்டுருவாங்க," என்றேன். "நீங்க கவலப்படாமப் போங்க."